போட்டோ சைஸைக் குறைக்க எந்த வழி? பெயின்ட் முதல் இர்ஃபான்வியூ வரை

"அண்ணா, போட்டோ ஏறவே மாட்டேங்குது. 50 கேபிக்குள்ள வேணுமாம்."

பக்கத்து வீட்டுப் பெண் பென் டிரைவோடு வந்து நின்றபோது, வங்கித் தேர்வு விண்ணப்பத்துக்கான கடைசி நாள் முடிய நான்கு மணி நேரம்தான் இருந்தது. கையில் இருந்த படம் ஸ்டுடியோவில் எடுத்தது, கிட்டத்தட்ட 4 எம்பி. அதற்கு முந்தைய வாரம் பெரியப்பா போன் செய்திருந்தார். பேரன் காதுகுத்துப் படங்கள் இருநூறையும் துபாயில் இருக்கும் மகளுக்கு மெயிலில் அனுப்பப் பார்த்திருக்கிறார், நான்கைந்து படத்துக்கு மேல் போகவில்லை.

இரண்டு பேர் கேட்டதும் ஒரே கேள்விதான். ஆனால் அந்தப் பெண்ணுக்குச் சொன்ன வழி பெரியப்பாவுக்கு உதவாது, பெரியப்பாவுக்குச் சொன்னது அவளுக்கு ஆகாது. வீட்டுக் கணினியில் போட்டோ சைஸைக் குறைக்க அரை டஜன் வழிகள் இருக்கின்றன. எது நல்லது என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. ஒரு படமா, நூறு படமா? கேபி கணக்கு கறாரா, சுமாராக இருந்தால் போதுமா? மூலப் படம் பத்திரமாக வேறு இடத்தில் இருக்கிறதா? இந்த மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இரண்டு திருகுகள்

எந்த மென்பொருளாக இருந்தாலும் அது திருகுவது இரண்டே இரண்டு திருகுகளைத்தான். ஒன்று பிக்சல், அதாவது படத்தில் உள்ள புள்ளிகள். இன்னொன்று தரம்.

இன்றைய போன்களில் எடுக்கும் 12 மெகாபிக்சல் படம் என்பது அகலத்தில் 4000, உயரத்தில் 3000 புள்ளிகள். பெருக்கினால் ஒரு கோடியே இருபது லட்சம். அகலத்தைப் பாதியாக்கினால் உயரமும் பாதியாகும், மொத்தப் புள்ளிகள் கால்வாசியாகிவிடும். 50 சதவீதம் என்று போட்டால் சைஸ் பாதியாகும் என்று எதிர்பார்த்தவர்கள், அது கால்வாசிப் பக்கம் போனதைப் பார்த்து விழிப்பது இதனால்தான். சாதாரண ஃபுல் எச்டி திரையில் இருப்பதே 1920க்கு 1080 புள்ளிகள். அதில் பார்ப்பதற்கு மட்டும் என்றால் 4000 புள்ளிப் படம் அதிகப்படி.

இரண்டாவது திருகு, ஜேபெக் தரம். கோப்பின் பெயரில் ஜேபிஜி என்று வருவதும் இந்த ஜேபெக்தான். 1992இல் வந்த ஜேபெக் முறை படத்தை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு அதிகம் தெரியாத நுணுக்கத்தைக் கழித்துவிடுகிறது. நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைக் கவனிக்கும் அளவுக்கு நிற வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. அதனால் நிறத்தில்தான் கை கொஞ்சம் தாராளமாக விழுகிறது. எவ்வளவு கழிக்கலாம் என்பதைத்தான் தரம் என்ற எண் சொல்கிறது. அது சதவீதம் இல்லை. 100இலிருந்து 90க்கு இறக்கினாலே சைஸ் பாதிக்குப் பக்கத்தில் வந்துவிடும், படத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. 85, 80 வரை வீட்டு உபயோகத்துக்குத் தாராளமாகப் போகலாம். 50க்குக் கீழே போனால் கன்னத்திலும் வானத்திலும் அந்தக் கட்டங்கள் தலைகாட்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஒரே பிக்சல் அளவுள்ள இரண்டு படங்கள் ஒரே சைஸில் இருக்க வேண்டியதில்லை. வெள்ளைச் சுவரை எடுத்த படம் கொஞ்சமாகத்தான் இடம் பிடிக்கும். வேப்பமரத்தையோ, பட்டுப்புடவை ஜரிகையையோ எடுத்த படம் அதைப் போல் பல மடங்கு கேட்கும். கழிக்க முடியாத விவரம் அதில் அவ்வளவு இருக்கிறது.

பெயின்டும் போட்டோஸும்

எதையும் இறக்க வேண்டாம், கணினியில் ஏற்கெனவே இருப்பதை வைத்து முடிக்க வேண்டும் என்றால் பெயின்ட். படத்தைத் திறந்து கன்ட்ரோலும் டபிள்யூவும் சேர்த்து அழுத்தினால் ரீசைஸ் பெட்டி வரும். சதவீதம் வேண்டுமா, பிக்சல் வேண்டுமா என்று கேட்கும். அகல உயர விகிதத்தைக் காப்பாற்றும் டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அகலத்தை மட்டும் மாற்றினால் போதும். அந்த டிக்கை எடுத்துவிட்டு 200க்கு 230 என்று அடித்து, முகத்தை முறுக்கு மாவு மாதிரி இழுத்துவிட்ட படங்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

பெயின்டின் குறை, இரண்டாவது திருகு அதில் இல்லை. ஜேபெக்காகச் சேமிக்கும்போது தரம் எவ்வளவு என்று என் கணினியில் இருக்கும் பெயின்ட் கேட்பதே இல்லை. தானே ஒன்றை வைத்துக்கொள்கிறது. அதனால் 50 கேபிக்குள் கொண்டுவர வேண்டும் என்றால் பிக்சலைக் குறைத்துக் குறைத்துத்தான் பார்க்க வேண்டும். சேமித்தபின் கீழே உள்ள பட்டையில் கோப்பின் சைஸ் தெரியும். 61, இன்னும் குறை, 53, இன்னும் குறை, 48, சரி. ஒரு படத்துக்கு இது ஓடும். ஒவ்வொரு முயற்சியையும் மூலப் படத்திலிருந்தே தொடங்க வேண்டும். ஏற்கெனவே சுருக்கியதையே திரும்பத் திரும்பச் சேமித்தால் ஜேபெக் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கழித்துவிடும்.

பெயின்டில் இன்னொரு வம்பு. பிஎன்ஜியாகச் சேமித்துவிட்டால் படம் சிறிதாவதற்குப் பதில் பெருத்துவிடும். பிஎன்ஜி எதையும் கழிக்காத முறை. ஸ்கிரீன்ஷாட்டுக்கும் லோகோவுக்கும் அருமையாக இருக்கும், போட்டோவுக்கு வீண். கோப்பின் பெயரில் உள்ள பிஎன்ஜியை அழித்துவிட்டு ஜேபிஜி என்று எழுதினால் மாறிவிடும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். பெயர்ப்பலகையை மாற்றினால் கடை மாறாது. சேவ் ஆஸ் போய் ஜேபெக் என்று தேர்ந்தெடுத்தால்தான் மாறும்.

விண்டோஸில் படம் பார்க்கும் போட்டோஸ் செயலிக்கு உள்ளேயே பெயின்டைவிட நல்ல கருவி ஒன்று ஒளிந்திருக்கிறது. மேலே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் படத்தின் அளவை மாற்றும் வசதி வரும். அங்கே பிக்சலும் உண்டு, தரத்துக்கு ஒரு நகர்த்தும் பட்டையும் உண்டு, இப்போதைய சைஸ் இவ்வளவு, புது சைஸ் இவ்வளவு ஆகும் என்று பக்கத்திலேயே காட்டவும் செய்யும். சேமித்துப் பார்த்து, திரும்பச் சேமித்துப் பார்க்கும் அலைச்சல் இல்லை. எப்போதோ ஒருமுறை ஒரே ஒரு படத்தைச் சுருக்கும் ஆளுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பது என் கட்சி. பெயின்டை நான் இப்போது அம்புக்குறி போடத்தான் திறக்கிறேன்.

மேக் வைத்திருப்பவர்களுக்குப் பிரிவ்யூ இருக்கிறது. டூல்ஸ் மெனுவில் அட்ஜஸ்ட் சைஸ் போய்ப் பிக்சலைக் குறைக்கலாம், எக்ஸ்போர்ட் செய்யும்போது தரத்தைக் குறைக்கலாம். தனியாக எதுவும் தேட வேண்டாம்.

ஃபோல்டர் முழுக்க இருந்தால்

பெரியப்பாவின் இருநூறு படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து சுருக்கினால் அடுத்த காதுகுத்தே வந்துவிடும். இங்கே பவர்டாய்ஸ்தான் சரி. மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் கருவிமூட்டை அது. அதில் இமேஜ் ரீசைசர் என்று ஒன்று. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் பவர்டாய்ஸிலும் இதே வேலைக்கு இதே பெயரில் ஒன்று இருந்தது. அந்தக் காலத்து ஆட்கள் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி சிரித்துக்கொள்ளலாம்.

நிறுவிவிட்டால் பிறகு வேலை ரொம்பச் சுலபம். ஃபோல்டரில் எல்லாப் படத்தையும் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்தால் இமேஜ் ரீசைசர் வரும். சின்னது 854க்கு 480, நடுத்தரம் 1366க்கு 768, பெரியது 1920க்கு 1080 என்று அளவுகள் தயாராக இருக்கும். இந்த எண்கள் போட்டோ மாட்டும் சட்டம் மாதிரி, படம் அதற்குள் விகிதம் கெடாமல் அடங்கும். 4000க்கு 3000 படத்துக்குப் பெரியதைக் கொடுத்தால் வருவது 1440க்கு 1080. ஜேபெக் தரம் வழக்கமாக 90இல் இருக்கும், அமைப்புகளில் 80க்கு இறக்கிக்கொள்ளலாம். மூலத்தைத் தொடாமல், பெயரோடு அளவைச் சேர்த்துப் புதிய கோப்பாகப் பக்கத்திலேயே போட்டுவிடும். இருநூறு படமும் நான் காபி குடித்து முடிப்பதற்குள் முடிந்தது.

ஆனால் மெயில் கணக்கையும் பார்க்க வேண்டும். ஜிமெயிலில் இணைப்பின் வரம்பு 25 எம்பி. மெயிலில் போகும்போது கோப்பு எழுத்துகளாக மாற்றப்பட்டு மூன்றில் ஒரு பங்கு வீங்கும். ஆகவே 18 எம்பிக்குள் நிறுத்திக்கொள்வது உசிதம். படம் ஒன்று 300 கேபி என்றாலும் இருநூறு படம் 60 எம்பி. "நாற்பது நல்ல படம் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள் பெரியப்பா" என்றேன். அவருக்கு அது கணினி வேலையைவிடக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் ஐம்பத்தைந்து படங்கள், இங்கேயும் அங்கேயும் வெட்டி ஒரே மெயிலில் அடைத்தோம். மீதியைச் சுருக்காமலே கூகுள் டிரைவில் ஏற்றி லிங்கை அனுப்பினோம். உண்மையில் இருநூறு படம் என்றால் முதல் யோசனையே டிரைவாகத்தான் இருந்திருக்க வேண்டும். அங்கே மெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து இலவச இடம் 15 ஜிபி.

எல்லாவற்றையும் ஒரு ஜிப் கோப்பாகக் கட்டினால் சைஸ் குறையாதா என்று பெரியப்பா கேட்டார். குறையாது. பிழியக்கூடியதை எல்லாம் ஜேபெக் ஏற்கெனவே பிழிந்துவிட்டது. இருநூறு கோப்பை ஒரே கோப்பாக எடுத்துப் போகலாம், ஜிப்பால் அந்த வசதி மட்டும்தான்.

கேபி கறாராக வேண்டும் என்றால்

இப்போது வாசலில் பென் டிரைவோடு நிற்கும் பெண். ஐபிபிஎஸ் வங்கித் தேர்வு விண்ணப்பங்களில் போட்டோ 20 முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டும், 200க்கு 230 பிக்சல் இருப்பது நல்லது. கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள், 140க்கு 60 பிக்சல். இந்த மாதிரிக் கறார்க் கணக்குக்கு என் கை தானாகப் போவது இர்ஃபான்வியூவுக்குத்தான்.

போஸ்னியாவில் பிறந்த இர்ஃபான் ஸ்கில்யான் எழுதி 1996இல் வெளியிட்ட மென்பொருள் இது. இன்றும் சின்னதாக, வேகமாக, வீட்டு உபயோகத்துக்கு இலவசமாக இருக்கிறது. அதன் சின்னம் ரோட்டில் நசுங்கிய சிவப்புப் பூனை. படத்தை நசுக்கும் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான சின்னத்தை யாராலும் வரைய முடியாது. முகப்பு என்னவோ பழைய அரசு அலுவலகம் மாதிரிதான் இருக்கும். எங்கே பார்த்தாலும் பொத்தான், எங்கே பார்த்தாலும் டிக் பெட்டி. முதல்முறை திறப்பவர் பயந்துபோவார். ஆனால் உள்ளே இருக்கும் ஒரு வசதிக்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

செய்தது இதுதான். முதலில் முகமும் தோளும் வரும்படி படத்தை வெட்டினேன். கன்ட்ரோலும் ஆரும் அழுத்தி 200க்கு 230 ஆக்கினேன். பிறகு எஸ் அழுத்தினால் சேவ் பெட்டியோடு பக்கத்தில் ஒரு குட்டிப் பெட்டியும் வரும். அதில் தரத்துக்கான பட்டை இருக்கிறது. அதற்குக் கீழே, கோப்பு இத்தனை கேபி இருக்கட்டும் என்று நாமே எண் போடும் இடமும் இருக்கிறது. 45 என்று போட்டால் தரத்தைத் தானே ஏற்றி இறக்கி அதற்குள் கொண்டுவந்து நிறுத்திவிடும். 61, 53, 48 என்று இறங்கி வரும் பெயின்ட் கூத்தே கிடையாது.

"இவ்வளவுதானாண்ணா?"

இவ்வளவுதான். கடையில் இதற்குத் தனியாகக் காசு வாங்கியிருப்பார்கள்.

டிபிஐ என்ற எண்ணை மாற்றினால் சைஸ் குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அச்சடிக்கும்போது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்று சொல்லும் குறிப்பு அது. 300ஐ 72 ஆக்கினாலும் புள்ளிகள் அப்படியே இருந்தால் சைஸும் அப்படியேதான் இருக்கும்.

இர்ஃபான்வியூவில் பி அழுத்தினால் பேட்ச் என்ற, மொத்தமாகச் சுருக்கும் வசதியும் வரும். பவர்டாய்ஸ் செய்வதை எல்லாம் செய்யும், பெயர் மாற்றும், திருப்பும், இன்னும் என்னென்னவோ. அப்படியானால் பவர்டாய்ஸ் எதற்கு? பெரியப்பாவுக்கு ரைட் கிளிக் தெரியும். பேட்ச் பெட்டியில் உள்ள நாற்பது பொத்தான்களைப் போனில் விளக்க எனக்குத் தெம்பில்லை.

இணையத்தில் செய்யலாமா?

தேடுபொறியில் போட்டோ சைஸ் குறைக்க என்று அடித்தால் வரிசையாகத் தளங்கள் வந்து நிற்கும். எதையும் நிறுவ வேண்டாம், 50 கேபி என்று தட்டினால் 50 கேபி. வசதிதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை படத்தைத் தங்கள் சர்வருக்கு வாங்கித்தான் சுருக்கித் தருகின்றன. பூ படம், மலை படம் என்றால் கவலையில்லை. ஆதார் அட்டை, மதிப்பெண் சான்றிதழ், கையெழுத்து, குழந்தைகள் படம் இவற்றை முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றுவதை நான் செய்வதில்லை, கேட்பவர்களையும் செய்யவிடுவதில்லை. விண்ணப்பத்துக்காக நாம் சுருக்குவது பெரும்பாலும் இதைத்தானே.

ஸ்குவூஷ் மட்டும் விதிவிலக்கு. கூகுளின் குரோம் குழுவினர் 2018இல் வெளியிட்டது. பிரவுசரில் திறந்தாலும் படம் நம் கணினியை விட்டு வெளியே போகாது, சுருக்கும் வேலை நம் பிரவுசருக்குள்ளேயே நடக்கிறது. நடுவே ஒரு கோடு, இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் சுருக்கியது. கோட்டை இழுத்து இழுத்துப் பார்க்கலாம். தரம் 75க்கும் 40க்கும் என்ன வித்தியாசம் என்று கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. இந்தக் கட்டுரையின் முதல் பாதியை நான் எழுதியிருக்கவே வேண்டாம், அங்கே அரைமணி நேரம் விளையாடினால் போதும். ஒரு நேரத்தில் ஒரு படம்தான், அது ஒன்றே குறை. வெப்பி, அவிஃப் என்று புது வடிவங்களும் அதில் உண்டு, சைஸ் இன்னும் குறையும். ஆனால் ஜேபிஜி மட்டும் வேண்டும் என்று கேட்கும் விண்ணப்பத் தளங்களில் அவை செல்லாது.

ஐபோன்காரர்களுக்கு ஒரு வரி. 2017க்குப் பிறகு ஐபோன் படங்கள் வழக்கமாக எச்இஐசி வடிவில் இருக்கும், ஜேபெக்கைவிட அதுவே சிக்கனம். அதை ஜேபெக்காக மாற்றினால் சைஸ் கூடினாலும் ஆச்சரியப்பட வேண்டாம், மாற்றும்போதே பிக்சலையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நம் ஊரின் தேசிய முறை ஒன்று இருக்கிறது. படத்தை வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பி, திரும்ப இறக்கிக்கொள்வது. சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலாக வந்துவிடும், சில நூறு கேபிதான். எச்டி என்று தேர்ந்தெடுத்தால் இன்னும் பெரிதாக வரும். அவசரத்துக்கு நானும் செய்வேன். ஆனால் எவ்வளவு குறைய வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது. படம் எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்களும் போய்விடும். இடம் போவது நல்லதுதான். தேதி போனால், பத்து வருடம் கழித்து இது எந்தப் பொங்கல் என்று வீட்டில் சண்டை வரும்.

நான் செய்த தப்பு

பவர்டாய்ஸில் மூலப் படத்தையே மாற்று என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஹார்டு டிஸ்க் நிறைந்துவிட்டது என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து அந்த டிக்கைப் போட்டேன். நகல் இருந்தால் இடம் எப்படி மிச்சமாகும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அளவு சின்னது. தாத்தாவின் சதாபிஷேகப் படங்கள் இருந்த ஃபோல்டரும் அதில் போனது. திரையில் பார்க்க எல்லாம் அப்படியே இருந்தன. 9 ஜிபி மிச்சம் பிடித்ததாகப் பெருமை வேறு.

தாத்தா போனபின் சுவரில் மாட்ட 12க்கு 16 அங்குலத்தில் படம் வேண்டும் என்றார் அப்பா. மாலையும் சால்வையுமாகத் தாத்தா சிரிக்கும் படம் ஒன்று எல்லோருக்கும் நினைவிருந்தது. ஸ்டுடியோவில் திறந்து பார்த்தார்கள். 640க்கு 480. 16 அங்குலத்துக்கு 640 புள்ளி என்றால் அங்குலத்துக்கு 40. நல்ல அச்சுக்கு 300 கேட்பார்கள், 150 இருந்தால்கூட ஒப்பேற்றலாம். மூலப் படமாக இருந்திருந்தால் 250 கிடைத்திருக்கும். எதையோ தீட்டி, மழுப்பி ஒரு படம் கொடுத்தார்கள். ஜரிகைக் கரை மஞ்சள் பட்டையாகத் தெரிகிறது. இப்போதும் கூடத்தில் அதுதான் மாட்டியிருக்கிறது.

இடம் போதவில்லை என்பதற்காகக் குடும்பப் படங்களைச் சுருக்குவதை மட்டும் நான் இப்போது யாருக்கும் சொல்வதில்லை. வெளியே மாட்டும் ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கச் சொல்கிறேன். அதுவரை ஒரே காட்சியை ஏழு தடவை எடுத்ததில் ஆறை நீக்கச் சொல்கிறேன், மங்கலானதை நீக்கச் சொல்கிறேன், வாட்ஸ்அப்பில் வந்த குட்மார்னிங் படங்களை நீக்கச் சொல்கிறேன். சுருக்குவது எப்போதும் அனுப்புவதற்கான நகலை மட்டும்தான்.

கையெழுத்து

அந்தப் பெண்ணின் போட்டோ ஏறிவிட்டது. கையெழுத்து ஏறவில்லை. வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் போட்டதைப் போனில் எடுத்து, ஓரத்தை வெட்டி, 140க்கு 60 ஆக்கிச் சேமித்தால் 4 கேபி. குறைந்தது 10 வேண்டும். தரத்தை 100க்கு ஏற்றினேன், 6. பெரும்பகுதி வெள்ளைத் தாள், அதில் சேமிக்க என்ன இருக்கிறது? இவ்வளவு நேரமாகக் குறைக்க வழி தேடியவளுக்கு இப்போது கூட்ட வழி வேண்டியிருந்தது. மூலத்துக்குப் போய், விகிதம் மாறாமல் இரட்டிப்பாக 280க்கு 120 வைத்து, தரம் 100இல் சேமித்தேன். 13 கேபி. ஏற்றுக்கொண்டது. மணி பதினொன்றே கால். பணம் கட்டும் பக்கம் சுற்ற ஆரம்பித்தது.